நிக்கல் போட்ட சீர்

அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். ஆபீஸ் வாசல்களில் எல்லாம் புதுப் பலகை மாட்டி, அந்தப் பெயிண்டு மங்குவதற்குள் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அரசாங்கமே இப்படி முன்னேயும் பின்னேயும் போகிறபோது, அரியலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கலைவாணன் மட்டும் போட்ட உத்தரவைப் போட்டபடியே வைத்திருந்தான். அவன் பெண்டாட்டி பரிமளா, பிறந்த ஊரான மீன்சுருட்டிக்குப் போகக் கூடாது. அங்கிருந்தும் யாரும் வந்து வாசல்படி மிதிக்கக் கூடாது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு துப்பாக்கி.

துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் தோளில் மாட்டுகிற துப்பாக்கி இல்லை. திருவிழாக் கடையில் பலூன் சுடுவார்களே, அந்த இனம். ஏர்கன். குழலை நடுவில் முறித்து, ஈய ரவை ஒன்றைத் திணித்து, நிமிர்த்திச் சுட வேண்டும். காற்றுதான் தள்ளும். கலைவாணனுக்குப் பழைய ஜெர்மன் ஏர்கன் என்றால் பைத்தியம். கிணற்று மோட்டார் கழற்றப் போகிற ஊரில் எல்லாம் மோட்டாரை ஒரு கண்ணாலும் அந்த வீட்டுப் பரணை ஒரு கண்ணாலும் பார்ப்பான். கீழப்பழுவூரில் ஒன்று, திருமழபாடியில் ஆற்றங்கரை வீட்டில் ஒன்று என்று கெஞ்சியும் மிரட்டியும் சேர்த்தவற்றை வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தான். சாமி படங்கள் சமையலறைக்குப் போய்விட்டன.

அவனுக்கு அசலை அடையாளம் கண்டுபிடிக்கத் தெரியும், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குழலுக்குப் பின்னால் உருளையான இரும்பின் மேல் ஒரு பொம்பளை உருவம் குத்தியிருக்கும். வில்லைக் கீழே எறிந்துவிட்டுத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வேட்டைக்கு உரிய தேவதையாம், டயானா என்று பேராம். அவள் இருந்தால் மட்டும் போதாது. உலகச் சண்டைக்கு அப்புறம் ஜெர்மன்காரன் மிஷினையும் பேரையும் இங்கிலீஷ்காரன் கொண்டுபோய்விட்டதால், பக்கத்தில் எந்த நாட்டுப் பேர் குத்தியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்களும் சும்மா இல்லை, அதே பொம்பளையை இடுப்புக் கோணலாகக் குத்தி விற்றிருக்கிறார்கள். திருகாணியின் பிளவு, தோளில் வைக்கிற கட்டையின் மர ரேகை, கறுத்த இரும்பின் நிறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அசலா நகலா என்று சொல்ல முடியும். அந்தக் கறுப்பு மங்கிப் போயிருந்தாலும் அதை மங்கியபடியே வைத்திருக்க வேண்டும் என்பது அவன் வேதம். எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கவே கூடாது.

கல்யாணமான புதிதில் பரிமளா இது தெரியாமல், துரு ஏறிக் கிடக்கிறதே என்று ஒரு துப்பாக்கியைச் சபீனா போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தாள். புருஷன் மெச்சுவான் என்று வாசலில் வேறு காத்து நின்றாள். அன்றைக்கு விழுந்த அறையில் அவள் காதுத் தோடு தெறித்து அடுப்படியில் போய் விழுந்தது. அதற்கப்புறம் அவன் அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். தேய்த்தால் என்ன போகும், முலாம் பூசினால் என்ன போகும், கட்டையை மாற்றினால் எப்படிப் பிணமாகப் போகும் என்று கற்றுக் கொடுத்தான். அவளும் கற்றுக்கொண்டாள்.

மீன்சுருட்டியில் பரிமளாவின் அப்பா பிச்சைமுத்துவிடமும் ஒரு ஏர்கன் இருந்தது. அவருடைய அப்பனுக்கு ஒரு வெள்ளைக்கார சர்வேயர் கூடாரத்தில் சமைத்துப் போட்டதற்காகக் கிடைத்தது. அது எப்போதும் கொல்லைக் கொட்டகையில் கிடந்ததால் மருமகன் கண்ணில் படவே இல்லை. சோளம் பால் பிடிக்கிற காலத்தில் பிச்சைமுத்து கிளி விரட்டக் காவல் பரணில் ஏறி உட்கார்ந்துகொள்வார். கிளியைச் சுடமாட்டார், பாவம் என்பார். முந்திரி மரத்தில் கட்டித் தொங்கவிட்ட எண்ணெய் டின்னைச் சுடுவார். டணார் என்ற சத்தத்துக்குக் கொல்லையே பச்சையாக எழும்பிப் பறக்கும். அந்தத் துப்பாக்கியின் கட்டையில் அவர் கன்னம் வைக்கிற இடம் குழிந்து வழவழத்துப் போயிருந்தது.

முந்தின தைப்பொங்கலுக்கும் முந்தின பொங்கலுக்குப் போனபோதுதான் கலைவாணன் சோளக்கொல்லைப் பக்கம் காலாற நடந்தான். பரணில் இருந்த துப்பாக்கியை வாங்கிப் பார்த்தான். கட்டைவிரலால் தடவினான். அந்தப் பொம்பளை மூக்கு முழி தெரிய நின்றாள். பக்கத்தில் ஜெர்மனிப் பேர். அவன் அதைப் பார்த்த பார்வையைக் கூடப் போயிருந்த பரிமளாவே கவனித்தாள். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதுகூட அவளை அப்படிப் பார்க்கவில்லை.

"மாமா, இதை நான் எடுத்துக்கிறேன்" என்றான்.

"எதுக்கு?"

"இது சண்டைக்கு முந்துன சாமான் மாமா. இப்புடிப் பனியில போட்டு வெச்சிருக்கீங்களே. எங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

"பொண்ணைக் கேட்டீங்க, கொடுத்தேன். இதைக் கேக்காதீங்க மாப்ள. எங்கப்பன் கை பட்டது."

"கிளி வெரட்டுறதுக்கு ஒரு தகரத்தைத் தட்டுனா போதும். உங்களுக்கு இதோட அருமை என்ன தெரியும்?"

பிச்சைமுத்து பரணிலிருந்து இறங்கி வந்தார். "என் வூட்டுப் பொருளோட அருமையை எனக்கு ஒருத்தரு சொல்லித் தரணுமா? ஊரான் வூட்டுப் பரணெல்லாம் நோண்டிக்கிட்டுத் திரியிற ஆளு நீங்க. உங்க சொவத்துல மாட்டுறதுக்கு இது என்ன மான் கொம்பா?"

வார்த்தை தடித்தது. கலைவாணன் அன்றைக்கே பெண்டாட்டி பிள்ளையோடு பஸ் ஏறிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் உத்தரவு போட்டான். "துப்பாக்கி இந்த வூட்டுக்கு வர வரைக்கும் நீ அந்த வூட்டுக்குப் போகக் கூடாது."

கோபம் தணிந்தால் சரியாகிவிடும் என்றுதான் பரிமளா நினைத்தாள். தணியவில்லை. அவன் வளர்த்தான், அந்தப் பக்கம் அப்பாவும் வளர்த்தார். இந்த ஐப்பசி அடைமழையில் அவள் அம்மா சம்பூர்ணம் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். எதிர் வீட்டு போனுக்குத் தம்பி அழகேசன் கூப்பிட்டுச் சொன்னான். பரிமளா மாற்றுப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கலைவாணன் காயில் கம்பியைச் சுற்றிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான்.

"போறதுன்னா போ. திரும்பி வர்றதா இருந்தா துப்பாக்கியோட வா."

"அம்மாவுக்குக் காலு ஒடஞ்சிருக்குங்க."

"டாக்டர் பாப்பாரு. நீ என்ன டாக்டருக்கா படிச்சிருக்க?"

அவள் பையைக் கீழே வைத்தாள். மூன்று வயசுப் பிள்ளை வினோதினி மடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டும் போக முடியாது, தூக்கிக்கொண்டு போனால் திரும்பவும் முடியாது. சுண்ணாம்புக் கல் லாரி போகிற ரோடு அது. வாசலில் வெள்ளைத் தூசி படிந்துகொண்டே இருந்தது. அன்று முழுவதும் கூட்டிக் கூட்டித் தள்ளினாள். சுவரில் மாட்டிய துப்பாக்கிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பொம்பளை மட்டும் கையில் சிக்கினால் தலைமயிரைப் பிடித்து இழுக்கலாம் போலிருந்தது.

மாசியில் வினோதினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் கலைவாணனின் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்து, கிடா வெட்டி, காது குத்துவதாக ஏற்பாடு. காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் சீர்த்தட்டு எடுத்து வந்து, பிள்ளையை மடியில் உட்கார வைத்தால்தான் தட்டார் ஊசியை எடுப்பார். கலைவாணனுக்கு நல்ல சமயம் வாய்த்தது. சித்தப்பா முறை ஆகிற இராமலிங்கத்தை மீன்சுருட்டிக்குத் தூது அனுப்பினான். சீர்த்தட்டில் துப்பாக்கி வந்தால் மாமன் மடி, வராவிட்டால் தன் அண்ணன் மடியில் வைத்துக் குத்திக்கொள்வதாகச் சொல்லச் சொன்னான். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு மடி என்றால், அந்த வீட்டையே உயிரோடு குழியில் போட்ட மாதிரி.

படுத்த படுக்கையாகக் கிடந்த சம்பூர்ணம்தான் பிச்சைமுத்துவை அசைத்தாள். பொண்ணு முகத்தைப் பார்க்காமல் செத்துப் போய்விடுவேன் என்று சாப்பிடாமல் கிடந்தாளாம். அவர் கொட்டகைக்குப் போய்த் துப்பாக்கியை ஒரு சாக்கில் சுற்றி எடுத்து வந்து அழகேசன் முன்னால் வைத்தார். "நீயே கொண்டுபோய்க் கொடு. நான் என் கையால கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் எதிர் வீட்டு போன் அடித்தது. அழகேசன்தான். நல்ல பிள்ளை, அக்கா என்றால் உயிர், மூளைதான் கொஞ்சம் அவசரப்படும்.

"அக்கா, அப்பா துப்பாக்கியைக் கொடுத்துட்டாரு. ஆனா ஒரு சங்கடம்."

"என்னடா?"

"சீர்த்தட்டுல எவனாவது பழசு வைப்பானா? துரு ஏறி, கட்டையெல்லாம் நாய் கடிச்ச மாதிரி இருக்குக்கா. நம்ம ஜனங்க பாத்தா, இருக்கப்பட்ட வூடு, ஓட்டை ஒடசலைத் தூக்கிட்டு வந்திருக்கானுங்கன்னு காறித் துப்பாது? கும்பகோணத்துல பாத்திரத்துக்கு முலாம் போடுற பட்டறையில கேட்டேன். எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, நிக்கல் முலாம் போட்டுத் தரேங்கிறான். பக்கத்துலயே ஆசாரி, தேக்குல புதுக் கட்டை போட்டு வார்னிஷ் அடிச்சுத் தரேங்கிறாரு. புதுசு மாதிரி ஆயிடும். மச்சானும் அசந்து போயிடுவாரு. என்னக்கா சொல்ற?"

எதிர் வீட்டுக்காரி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே காதை இங்கே வைத்திருந்தாள். பரிமளா ரிசீவரை மாற்றிப் பிடித்தாள். என்ன ஆகும் என்று அவளுக்கு அத்தனையும் தெரியும். எமரி பட்டால் அந்தப் பொம்பளை போய்விடுவாள், நாட்டுப் பேரும் போய்விடும். நிக்கல் ஏறினால் அது எந்த ஊர்ச் சாமான் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. கூடவே ஐப்பசி மழையும், கீழே வைத்த பையும் வந்தன.

"தட்டுல பழசு வைக்கக் கூடாதுடா" என்றாள். "பண்ணிடு. நல்லாப் பளபளன்னு பண்ணச் சொல்லு."

போனை வைத்ததும் அவளுக்கு உடம்பு லேசாகிவிட்டது. அன்றைக்கு மீன்குழம்பு வைத்து, புருஷனுக்கு நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள். அவன் என்னடி விசேஷம் என்று கேட்டதற்குச் சிரித்தாள். பழி வாங்குவதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒன்றை நினைக்கவே இல்லை. துப்பாக்கி புருஷனுடையது இல்லை.

காதுகுத்து அன்று வெயில் காலையிலேயே சுள்ளென்று ஏறிவிட்டது. கோயிலைச் சுற்றியிருந்த புளிய மரத்தடியில் கிடா வெந்துகொண்டிருந்தது. மீன்சுருட்டி வேன் வந்து நின்றதும் பரிமளா ஓடினாள். உள்ளே அம்மா இல்லை.

"வேன்ல ஏறி இறங்க முடியாது பாப்பா" என்றார் பிச்சைமுத்து. இரண்டு வருஷத்தில் அவர் தாடை ஒடுங்கிப் போயிருந்தது. பேத்தியின் மொட்டைத் தலையைத் தடவினார். "உன்னைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா. இன்னியோட எல்லாம் சரியாப் போவும்ல. வந்து பாரு." சொல்லிவிட்டு மருமகன் இருக்கும் பக்கம் திரும்பாமல் மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

மேளத்தோடு சீர் வந்தது. பழம், தேங்காய், மிட்டாய், பட்டுப் பாவாடை, கொலுசு, தோடு என்று பெண்கள் தட்டுத் தட்டாகத் தூக்கி வந்தார்கள். முன்னால் அழகேசன் தாம்பாளத்தில் துப்பாக்கியை ஏந்தி வந்தான். அது வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. குழலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தான். கட்டை வார்னிஷில் மினுங்கியது. பார்த்த ஜனம் வாயைப் பிளந்தது. மாமன் என்றால் இவனல்லவா மாமன் என்று ஒரு கிழவி சத்தமாகவே சொன்னாள்.

கலைவாணன் முகம் சுருங்கியது.

"ஏண்டா, ஏமாத்தப் பாக்குறியா? நான் கேட்டது என்ன, நீ கடையில வாங்கிட்டு வந்திருக்கறது என்ன?"

"அய்யோ மச்சான், அதேதான் இது!" அழகேசன் பூரித்துப் போனான். "புதுசுன்னே நெனச்சுட்டீங்களா? கும்பகோணத்துல நிக்கல் போட்டது. கட்டை தேக்கு."

கலைவாணன் மாலையைப் பிடுங்கி எறிந்தான். துப்பாக்கியை எடுத்துக் கட்டைவிரலால் உருளையைத் தடவினான். திருப்பித் தடவினான். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தடவினான். வழவழவென்று இருந்தது.

"இதுல இருந்த பொம்பள எங்கடா?" என்றான். குரல் கீச்சென்று வந்தது.

"எந்தப் பொம்பள?"

"இதுமேல நின்னாளே, அந்தப் பொம்பள எங்கடா?"

கூட்டத்தில் குபீரென்று சிரிப்பு எழுந்தது. பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போதே வேறு பொம்பளையைத் தேடுகிறாயா என்று இராமலிங்கம் கேட்க, மேளக்காரன்கூடச் சிரித்தான். பரிமளா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இதற்காகத்தானே காத்திருந்தாள். அவன் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தாள். நல்லா வேணும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் பிச்சைமுத்து எழுந்து வந்தார். சாக்கில் சுற்றிக் கொடுத்ததற்குப் பிறகு அவர் அதைப் பார்க்கவில்லை. மருமகன் கையிலிருந்து அதை வாங்கினார். தோளில் வைத்து, கட்டையில் கன்னத்தைச் சாய்த்தார். கன்னம் வழுக்கியது. மறுபடி சாய்த்தார். உட்காரவில்லை. எடுத்துவிட்டு, யாருடையது என்று பார்ப்பதைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய கட்டை எங்கடா?"

"அது... ஆசாரி டீ போட அடுப்புல வெச்சுட்டாருப்பா. உளுத்துப் போனதுதானே."

"யாரைக் கேட்டுப் பண்ணுன?"

அழகேசன் அக்காவைப் பார்த்தான். அவன் பார்த்த பக்கம் கலைவாணன் பார்த்தான். அப்பாவும் பார்த்தார். மேளம் நின்றுவிட்டது.

"நான்தான் பண்ணச் சொன்னேன்" என்றாள் பரிமளா.

"தெரிஞ்சேவா?" என்றான் கலைவாணன்.

அவனிடம் சொல்வதற்காக எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில்தான். "தெரிஞ்சேதான். எங்கம்மா காலு ஒடஞ்சு கெடந்தப்ப என்னை விட்டீங்களா?" என்றாள். சொல்லும்போது ருசி இல்லை. அப்பா பக்கத்தில் நின்றார்.

அவன் கையை ஓங்கினான். பிச்சைமுத்து அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தவர் அவனைத் திட்டுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் மகளைப் பார்த்துப் பேசினார்.

"அவரு மேல கோவம்னா அவரு சட்டையைக் கிழிச்சிருக்கலாம். சோத்துல உப்பை அள்ளிக் கொட்டியிருக்கலாம். அது என்னோட பொருளு. எங்கப்பன் மூஞ்சி வெச்ச கட்டை. உன்னைப் பாக்கணும்னு உங்கம்மா கெடந்து அழுதான்னுதான் கொடுத்தேன். அதை அடுப்புல வெக்கச் சொல்லிட்டியே."

"அப்பா, நான் உங்களை நெனைக்கலப்பா..."

"அதான். நெனைக்கல."

காது குத்தினார்கள். அழகேசன் மடியில் பிள்ளை வீரிட்டு அழுதது. அவனும் எதற்கென்று தெரியாமல் அழுதான். பந்தி போட்டபோது பரிமளா கறி வாளியோடு வந்து பார்த்தால், மாமனாரும் மருமகனும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் துப்பாக்கி கிடந்தது.

"உள்ள ஸ்பிரிங்கைத் தொட்டிருக்க மாட்டானுங்க மாமா. தோல் வாஷரும் அதேதான் இருக்கும். பிரிச்சுப் பாக்கலாம்."

"விளக்கெண்ணெய்தான் போடுவேன் மாப்ள அதுக்கு. எங்கப்பாரு சொன்னது."

"அதான் மாமா சரி. மிஷின் ஆயில் போட்டா தோலு செத்துடும். இவ்வளவு வருஷம் நல்லா வெச்சிருந்தீங்க. நான்தான் அன்னிக்கு வாய்த் துடுக்கா..."

"வுடுங்க. ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வாங்க. ஒக்காந்து பிரிப்போம்."

"கறி வைக்கட்டாப்பா?" என்றாள் பரிமளா. பிச்சைமுத்து இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டினார். கலைவாணன் பக்கத்துப் பந்தியில் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பரிமளா தலைக்குக் குளித்தாள். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று அதிரசம் சுட்டுத் தூக்கில் அடுக்கினாள். கலைவாணன் துப்பாக்கியைத் துணியில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டினான். பிள்ளையை டாங்கின் மேல் உட்கார வைத்தான். பின்னால் ஏற வந்தவளைப் பார்த்தான்.

"நீ எங்க கெளம்பிட்ட?"

"அம்மாவைப் பாக்க."

"மாமா என்னைத்தானே கூப்புட்டாரு. உன்னைக் கூப்புடலியே."

வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு ஜெயங்கொண்டம் ரோட்டில் போயிற்று. அவள் வீட்டைப் பூட்டினாள். பஸ் பிடித்தாள், நின்றுகொண்டே போனாள். மீன்சுருட்டியில் இறங்கி வாசலுக்கு வந்தபோது, வேப்ப மரத்து நிழலில் சாக்கை விரித்து, துப்பாக்கியைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் குனிந்திருந்தார்கள். பிள்ளை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டு பிச்சைமுத்து நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். வாசலுக்கு வந்த பிச்சைக்காரனையும் வா என்று சொல்கிற மனுஷன்.

"அந்த முறுக்காணியை இப்புடித் தள்ளுங்க மாப்ள" என்றார்.

அவள் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள். கூடத்து இருட்டில் கட்டிலில் அம்மா கிடந்தாள். மகளின் வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். கையை நீட்டி இழுத்து, முகத்தை, தோளை, வளையலைத் தடவித் தடவி அழுதாள். பரிமளாவும் அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை, நேரமாயிற்று. வெளியிலிருந்து இருவரும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. சம்பூர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதிசயமாக அந்தப் பக்கம் காதை வைத்தாள்.

"என்னடி மாயம் பண்ணுன? ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்காத ஆளுங்க. இப்புடி ஒட்டிக்கிட்டாங்களே?"

"என்னைப் பகைச்சுக்கிட்டாங்கம்மா" என்றாள் பரிமளா. "அதான்."